தராசக்காவுக்குத் தெரியாமல் வாங்கிய கட்டில்

இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மேடையின் மூன்று படிகளையும் ஏறினீர்கள். கைகொடுக்க வந்தவரைக் கண்ணாலேயே தள்ளி நிறுத்தியதையும் பார்த்தோம். அந்த வலியில் பாதி, எடைமேடையில் குனிந்து குனிந்து வந்தது. மீதிப் பாதி, வீட்டில் ஓர் ஆளைத் தனியாகத் தூக்கித் தூக்கிப் புரட்டியதில் வந்தது. உட்காருங்கள் அக்கா. இந்தப் பாராட்டு மடல் கொஞ்சம் நீளம்.

குடிநீர் வாரியக் கிடங்கின் சரக்கு வரவுப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டும் நான்கு மாதமும் உழைத்து, இன்று மாலையோடு ஓய்வு பெறும் எங்கள் அன்பிற்கும் அச்சத்திற்கும் உரியவரே, எண்ணாமல் ஏற்காத, எடை பார்க்காமல் எழுதாத, எவர் மிரட்டியும் எழுதியதை அழிக்காத ஏற்றமிகு கைக்குச் சொந்தக்காரரே, குழாயும் வால்வும் குழாய் வளைவும் மீட்டரும் குறையோடு வந்தால் குறிப்பெழுதித் திருப்பிய கூர்மைக் கண்ணுடையவரே, சம்பளப் பட்டியலில் என்ன பெயர் இருந்தாலும் எங்கள் வாயில் தராசக்கா என்றே வழங்கிவரும் தகைமையாளரே, உங்களுக்கு இந்தக் கிடங்கில் சுமை ஏற்றுகிறவர்கள், இறக்குகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், வாசல் காக்கிறவர்கள் அனைவரின் வணக்கம்.

பழைய கதையொன்றை முதலில் சொல்ல வேண்டும். மீட்டர்ப் பெட்டிகளின் மேல் ஐம்பது கிலோ என்று அச்சடித்திருக்கும். தூக்குகிற தோளுக்கு மட்டும் அது பொய் என்று தெரியும். பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் எங்களுக்குக் கூலி, எடைக்கு இல்லை. அதனால் அனுப்புகிறவர்கள் உள்ளே கூடுதலாகத் திணித்துப் பெட்டி எண்ணிக்கையைக் குறைத்தார்கள். எங்கள் அப்பன்மார் காலத்திலிருந்து அப்படித்தான். முதுகு போனால் அவனவன் விதி என்று போனார்கள். நீங்கள் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு பெட்டியை எடைமேடையில் ஏற்றச் சொன்னீர்கள். அறுபத்து மூன்று. எல்லாப் பெட்டியையும் ஏற்றச் சொன்னீர்கள். ஒவ்வொன்றின் மேலும் உண்மை எடையைச் சாக்கட்டியால் எழுதி, அதற்கேற்ற கூலி கொடுக்காமல் வரவேட்டில் ஏற்ற மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். லாரி இரண்டு நாள் வாசலில் நின்றது. மூன்றாம் நாள் கூலி வந்தது. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து பெட்டி ஐம்பது கிலோவிலேயே வந்தது. இங்கே நாற்பது வயது தாண்டியும் நிமிர்ந்து நடக்கிறவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரின் முதுகெலும்பிலும் உங்கள் சாக்கட்டி எழுத்து இருக்கிறது.

ஒரு லாரி நிறையக் குழாய் வந்தபோது குழாய்க்கு ஒன்றரைக் கிலோ குறைகிறது, சுவரை மெல்லிசாக வார்த்திருக்கிறான் என்று கண்டுபிடித்துத் திருப்பினீர்கள். மறுநாள் கம்பெனிக்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். அதையும் தராசில் வைத்தீர்கள். "இனிப்பு ஒன்று, தொள்ளாயிரத்து முப்பது கிராம், திருப்பி அனுப்பப்பட்டது" என்று வரவேட்டில் இன்றும் இருக்கிறது. "ஒரு கிலோன்னு சொல்லிக் குடுத்தாரு, இதுலயும் எழுபது கிராம் கம்மி" என்று நீங்கள் சொன்னதை அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு போனார்.

இப்படிப்பட்ட உங்களுக்கு ஓய்வு நாளில் தர வேண்டிய பரிசு அந்த மேசையில் இல்லை. மேசை காலியாக இருப்பதை வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "பாராட்டு விழாவுல போய் இதையெல்லாமா எழுதுவீங்க?" என்று மேலாளர் தடுத்துப் பார்த்தார். நீங்கள்தான், "எழுதட்டும் சார். நாலு பேர் காதுல விழுந்தா நாற்பது பேர் ஏமாறாம இருப்பாங்க" என்றீர்கள். ஆகையால் எழுதுகிறோம்.

உங்கள் கணவரை நாங்கள் அண்ணன் என்றே அழைத்தோம். இந்தக் கிடங்குக்கே இருபது வருடம் லாரி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. சாதாரணக் கட்டிலில் இருந்து இரண்டு தடவை உருண்டு விழுந்ததால் தரையில் மெத்தை போட்டுக் கிடத்தினீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதிய இடைவேளையில் பன்னிரண்டு நிமிடம் நடந்து வீட்டுக்குப் போய், அவரைப் புரட்டிவிட்டு, நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்புவீர்கள். கேட்டால், "எங்க வீட்டுச் சரக்கு எழுபத்தெட்டு கிலோ. ஏத்தி இறக்கக் கூலி கிடையாது" என்று சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம். குனிந்து தரையிலிருந்து தூக்குவது என்ன பாடு என்று தெரிந்த கூட்டமே சிரித்தது.

பிறகுதான் யோசித்தோம். தலைமாட்டைக் கைப்பிடி சுற்றித் தூக்கக்கூடிய நோயாளிக் கட்டில் ஒன்று, அதோடு காற்று மெத்தை. ஓய்வுப் பரிசாக, ஆனால் ஓய்வுக்கு நான்கு மாதம் முன்பே, உங்களுக்குத் தெரியாமல் வாங்கி வீட்டில் இறக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். இருபத்திரண்டு பேர் போட்டோம். நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு சேர்ந்தது.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதால் சக்கரம் என்று நாங்கள் அழைப்பவர்தான் போனில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்ற விலையைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாக நாங்கள் சேர்த்த அளவுக்கே ஒரு விலை. வாங்கியவர்கள் நூறு பேர் வாயாரப் புகழ்ந்திருந்தார்கள். நூறு பேரும் ஒரே நாளில் புகழ்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேலே ஒரு கடிகாரம் ஓடியது, இன்னும் பதினோரு நிமிடத்தில் தள்ளுபடி முடிகிறது என்று. நாங்கள் பேசி முடிப்பதற்குள் பதினோரு நிமிடமும் முடிந்தது. உடனே மறுபடியும் பதினொன்றிலிருந்து ஓட ஆரம்பித்தது. "நமக்காக நீட்டிச்சிருக்கான், நல்ல மனுசன்" என்று சந்தோஷப்பட்டோம்.

சக்கரத்தின் கார்டில் இருபதாயிரத்துக்கு மேல் போகாது. மீதியை நேராகக் கணக்கில் போடச் சொல்லி எண் அனுப்பினார்கள்.

"கடை பேர் வரலயே மேஸ்திரி, யாரோ ஆள் பேர் வருது" என்றார் சக்கரம்.

"முதலாளி பேரா இருக்கும், போடு" என்றேன்.

அந்த மேஸ்திரி நான்தான். இந்த மடலை எழுதியவனும், இப்போது வாசித்துக்கொண்டிருப்பவனும் நானே.

ஏழு நாளில் வரும் என்றார்கள். ஒன்பதாம் நாள் மதியம், நீங்கள் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், கூரியர்காரர் வந்தார். வாசலில் இருந்து கூப்பிட்டார்கள். ஓடினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டலம். வேறெந்தச் சரக்காக இருந்தாலும் உங்கள் மேசைக்குத்தான் போயிருக்கும். பிரித்து, எடை பார்த்து, பிறகுதான் கையெழுத்து. இது உங்கள் கண்ணில் படக் கூடாதே. அவர் நீட்டிய போனில் விரலால் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கிடங்கில் சரக்கைப் பிரிக்காமல் போட்ட கையெழுத்து எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பிரித்தாவது பார்த்தோமா என்றால் அதுவும் இல்லை. உங்கள் கத்தி படாமல் எந்தப் பொட்டலத்தையும் பிரிக்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். உங்களை மறைத்து வாங்கிய பொட்டலத்துக்கும் அந்தச் சட்டத்தை மரியாதையாகக் கடைப்பிடித்தோம். "பம்பு வாங்கினா போல்ட்டு பாக்கெட் முன்னாடி வரும், பம்பு பின்னாடி லாரியில வரும்ல? இது கட்டிலோட ஸ்குரூ" என்றார் சக்கரம். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. பொட்டலத்தைத் தலைக்கவசங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருந்தோம்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் எங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

பொட்டலம் வந்து ஆறாம் நாள். தேநீர் நேரம். நீங்கள் எங்களிடம் எதையும் கேட்டதே இல்லை. அன்றைக்கு வந்து கேட்டீர்கள்.

"பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவர் தவறிட்டாரு. அவர் படுத்திருந்த கட்டிலைக் குடுக்குறாங்களாம், தலைமாடு தூக்குறது. பதினோராயிரம் சொல்றாங்க. வாங்கிடலாமான்னு பாக்குறேன். என்னப்பா சொல்றீங்க?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோர் முகத்திலும் அடக்கிய சிரிப்பு. நல்ல காரியத்தை மறைத்து வைத்திருக்கிறவனுக்கு வரும் சிரிப்பு அது.

"செத்தவர் படுத்த கட்டிலா? வேணாங்க்கா" என்றார் வாசல்காரர்.

"புதுசே கிடைக்கும்க்கா, அவசரப்படாதீங்க" என்றார் சக்கரம்.

"ரிட்டயர் ஆகப் போறீங்க, கையில காசு வரும். கொஞ்ச நாள் பொறுங்க" என்றேன் நான்.

நீங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தீர்கள். "சரி. நீங்க இத்தனை பேர் சொல்றீங்க. பொறுக்குறேன்" என்று எழுந்து போனீர்கள். மூன்றாம் நாள் அந்தக் கட்டிலை வேறு யாரோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைக்குச் செய்தி அனுப்பினால் "உங்கள் பொருள் வழியில் உள்ளது" என்று பதில் வரும். நாள்தோறும் அதே வரி. ஒரு வாரம் கழித்து நாங்கள் சந்தேகப்பட்டது உண்மை. ஆனால் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு பேர் காசு. ஏமாந்துவிட்டோம் என்று முதலில் வாய் திறக்க எவனுக்கும் வெட்கம். ஒருநாள் காலையில் அந்தக் கடையே போனில் இல்லை. எண்ணும் எடுபடவில்லை. அன்று மதியம் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் மேசையில் வைத்தோம்.

கத்தியால் ஓரத்தைக் கீறினீர்கள். உள்ளே ஒரு நீலப் பிளாஸ்டிக் சோப்பு டப்பா.

"இது என்னப்பா?"

"கட்டிலோட ஸ்குரூன்னு நெனச்சோம்க்கா."

"எந்தக் கட்டிலு?"

சொன்னோம். முழுவதும் கேட்டீர்கள். கை தன்னால் போய்ச் சோப்பு டப்பாவைச் சின்னத் தராசில் வைத்தது. பிறகு என்னை மட்டும் பார்த்துக் கேட்டீர்கள்.

"அன்னிக்குப் பொறுங்கன்னு சொன்னது இதுக்குத்தானா?"

தலையாட்டினேன். நீங்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். "கூறு கெட்டவங்களா, எனக்குத் தெரியக் கூடாதுன்னு பாத்தீங்க. அந்தக் கடைக்காரனுக்கும் அதேதான வேணும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தீர்கள். காசு யார் பேருக்குப் போனது, எந்தத் தேதிக்குள் தருவதாகச் சொன்னான், யார் கையெழுத்துப் போட்டது என்று மூன்று கேள்வி. சக்கரத்தை அப்போதே வங்கிக்குப் போன் போட வைத்தீர்கள், அந்தக் கார்டை நிறுத்தச் சொல்லி. பொருள் வந்து சேரவில்லை, பிடித்த பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று முறையீடு எழுதி, கடைக்காரன் அனுப்பிய செய்திகளையெல்லாம் நகலெடுத்து இணைத்தீர்கள். நேராகக் கணக்கில் போட்ட பணத்துக்குப் போலீசில் புகார். "கார்டுல போனதை இழுக்கலாம். இது போனதுதான். எழுதிக் குடுத்துட்டு வாங்க, ஆனா நம்பி உக்காந்திருக்காதீங்க" என்றீர்கள். அன்றும் பன்னிரண்டு நிமிடம் நடந்து போய் அண்ணனைப் புரட்டிவிட்டுத்தான் வந்து இத்தனையும் எழுதினீர்கள். மறுநாளே வாடகைக்கு ஒரு கட்டில் எடுத்தீர்கள், அதற்குள் அவர் முதுகு புண்ணாகியிருந்தது.

பதினெட்டாம் நாள் வங்கியிலிருந்து மறுப்பு வந்தது. பொருள் உங்கள் முகவரியில் சேர்ந்துவிட்டது, கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறீர்கள் என்று, என் விரல் கிறுக்கலையே படமாக அனுப்பியிருந்தார்கள். அதற்குத்தான் அந்தச் சோப்பு டப்பா வந்திருக்கிறது. ஏதாவது ஒன்றை அனுப்பி ஒரு கையெழுத்தை வாங்கிவிட்டால் போதும் அவர்களுக்கு.

அந்த வாரம்தான் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். முதுகில் படுக்கைப் புண். எலும்பு வரை போய்விட்டது என்றார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. ஆறாம் நாள் போய்விட்டார். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இறக்கியது நாங்கள்தான். நாள் முழுக்கச் சுமை இறக்குகிறவர்கள் எட்டுப் பேர், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றோம். "தோளுக்கடியில ரெண்டு பேர், இடுப்புல ரெண்டு பேர், அப்படித்தான்" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். அவரைத் தூக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

பதினாறு நாள் கழித்து வேலைக்கு வந்தீர்கள். துக்கம் கேட்க வரிசையாக நின்ற எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேங்க்ல என்ன சொன்னான்?" என்றீர்கள். மறுப்புக் கடிதத்தைக் காட்டினோம். படித்துவிட்டு வாசல் பதிவேட்டைக் கேட்டீர்கள். வாசல்காரர் உங்களிடம் பழகிய பழக்கத்தில் அந்தப் பொட்டலத்தையும் தராசில் வைத்துத்தான் உள்ளே விட்டிருந்தார். இருநூற்று நாற்பது கிராம். கூரியர்ச் சீட்டிலும் அதே எடை. ஆர்டர் போட்ட அன்று சக்கரம் ஆசையாகப் படம் பிடித்து வைத்திருந்த கடைப் பக்கத்தில் கட்டிலின் எடை அறுபத்திரண்டு கிலோ என்று இருந்தது. மூன்றையும் இணைத்து இரண்டே வரி எழுதினீர்கள்: "அறுபத்திரண்டு கிலோக் கட்டில் இருநூற்று நாற்பது கிராமில் வராது. கையெழுத்து, வந்த பொட்டலத்துக்கு. பணம், வராத கட்டிலுக்கு."

சென்ற வாரம் இருபதாயிரம் திரும்பி வந்தது. கொண்டுவந்து கொடுத்தோம். மறுத்துவிடுவீர்களோ என்று பயந்தோம். இரண்டு தடவை எண்ணி, "ஆஸ்பத்திரிக்குப் பாக்கி இருக்கு" என்று வாங்கிக்கொண்டீர்கள். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. மறுபடி வசூல் செய்து வேறு ஏதாவது வாங்கலாம் என்று கேட்டோம். "எனக்குன்னு இனிமே எதையும் ஆர்டர் போடாதீங்கப்பா" என்றீர்கள். ஆகவே மேசை காலி.

இந்த மடலில் எழுதச் சொல்லி நீங்கள் சொன்னதை உங்கள் வார்த்தையிலேயே சேர்க்கிறோம். "கடை எங்க இருக்குன்னு தெரியாம காசு குடுக்காதே. அவசரப்படுத்துறவன்கிட்ட வாங்காதே. ஆள் பேருல இருக்குற கணக்குக்குப் போடவே போடாதே. பிரிச்சுப் பாக்காம கையெழுத்து வேணாம். சொன்ன தேதியில வரலைன்னா மறுநாளே பேங்குக்குப் போ. வெக்கப்பட்டு உக்காந்திருந்தா அவனுக்குத்தான் லாபம்." சட்டகம் போட்டு மாட்டும்போது இந்தப் பகுதி கண்ணுக்கு நேராக வரும்படி மாட்டச் சொல்லியிருக்கிறோம்.

நிறையாலும் நேர்மையாலும் நிலைத்த பெயர் பெற்ற எங்கள் அக்காவே, அளந்து வாழ்ந்த உங்களுக்கு ஆயுள் மட்டும் அளவில்லாமல் அமையட்டும். மகளோடு இருக்கப் போவதாகச் சொன்னீர்கள். அந்த வீட்டுக்கு மாடிப்படி குறைவாக இருக்கட்டும். பகலில் படுத்துத் தூங்கக் கற்றுக்கொள்ளுங்கள். வலிக்கு டாக்டரைப் பாருங்கள், எங்களைப் போலத் தைலம் தேய்த்துக் காலம் தள்ளாதீர்கள். பேரப் பிள்ளைகளை அவர்களாகவே நடக்க விடுங்கள், தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம்.

முன்பே கட்டில் இருந்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை. நீங்களும், "நல்லதுக்குத்தான செஞ்சீங்க, விடுங்கப்பா" என்றுதான் சொன்னீர்கள். ஆனால் பதினோராயிரத்துக்குக் கட்டில் கிடைத்தது, கையில் காசு வைத்திருந்தீர்கள், கேட்டீர்கள், வேண்டாம் என்று சொன்னது நாங்கள். அன்றிலிருந்து சோப்பு டப்பாவைப் பிரித்த நாள் வரை அவர் தரையில் கிடந்தார், நீங்கள் தரையிலிருந்து தூக்கினீர்கள். புண் ஆழமானதும் அந்த நாட்களில்தான். வங்கி திருப்பித் தரக்கூடியதைத் தந்துவிட்டது. இதை எந்த வங்கியிடமும் முறையிட முடியாது. தர வேண்டியவர்கள் நாங்கள். எப்படித் தருவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இங்ஙனம்,
கிடங்குத் தொழிலாளர்கள் இருபத்திரண்டு பேர்

உங்களுக்கும் அண்ணனுக்கும் நாங்கள் தர வேண்டிய நிலுவை: பொறுங்கள் என்று சொல்லிக் கழித்த இருபத்தாறு நாள்.